பத்திரத்தில் எழுதாத கிரயம்

பழைய வீடு ஒன்றுக்கு விலை படிந்துவிட்டது என்று ஒருவர் மகிழ்ச்சியோடு சொல்லக் கேட்டால், அவரை வாழ்த்துமுன் ஒரு கேள்வி கேட்பது நம் வழக்கம். "எந்த விலை?" என்பதே அந்தக் கேள்வி. தரகர் பேசி, உடையவர் இறங்கி, வாங்குவோர் ஏறி, நடுவில் ஓரிடத்தில் நின்ற தொகையைத்தான் அவர் சொல்வார். ஆனால் அந்த வீட்டில் பால் காய்ச்சும் நாள்வரையில் அவர் கையைவிட்டுப் போகும் பணம் அந்தத் தொகையோடு நிற்பதில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை முன்கூட்டிக் கணக்கிட்டவர்களை நாம் அதிகம் கண்டதில்லை. பின்னால் கணக்கிட்டு வருந்தியவர்களை நிறையக் கண்டிருக்கிறோம்.

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்று சொன்ன நம் முன்னோர், 'வீட்டை வாங்கிப் பார்' என்று சொல்லாமல் விட்டார்கள். அக்காலத்தில் வீடு அந்நியர் கைக்கு மாறுவது அபூர்வம். இன்றோ கோவையில் காலி மனையின் விலை நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டாத உயரத்திற்குப் போய்விட்டது. மில்லில் முப்பது வருஷம் உழைத்துக் கிராஜுவிடி வாங்கியவர், ஓய்வு பெற்ற ஆசிரியர், பட்டறை வைத்துச் சிறுகச் சிறுகச் சேர்த்தவர் ஆகியோரின் கண் பழைய வீடுகளின் மேல் விழுகிறது. "கொஞ்சம் ரிப்பேர் பார்த்தால் போதும்" என்று தரகரும் சொல்லிவிடுகிறார். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதைப் பற்றியே இன்று சில வார்த்தை சொல்ல விரும்புகிறோம்.

கோவைப் பக்கத்தில் பழைய வீடு என்பது ஒரே மாதிரியான சரக்கு அன்று. ராஜ வீதி, ஒப்பணக்கார வீதி, பெரிய கடை வீதி இவற்றின் உட்சந்துகளில் இருப்பவை ஒருவிதம். முன்பக்கம் குறுகி, பின்பக்கம் நீண்டு, ஒரே சுவர் இரண்டு வீட்டையும் தாங்க நிற்பவை. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் நோய் பலமுறை ஊரை வாட்டியபின், நெருக்கத்தைக் குறைக்க எழுந்த விஸ்தரிப்பு ஆர்.எஸ்.புரம், அந்நாளைய முனிசிபல் சேர்மன் ரத்தினசபாபதி முதலியாரின் பெயரைத் தாங்கி நிற்பது. அங்குள்ள வீடுகளின் போக்கு வேறு. 1930-களில் பைக்கரா மின்சாரம் வந்து பஞ்சாலைகள் பெருகியபின் பீளமேடு, சிங்காநல்லூர்ப் பக்கங்களில் எழுந்தவை மூன்றாவது விதம். ஊருக்கு வெளியே பொள்ளாச்சி, தாராபுரம், கோபி வட்டாரத்துக் கிராமங்களில் நம் மக்கள் 'தொட்டிக்கட்டு வீடு' என்று அழைக்கும் முற்றம் வைத்த வீடுகள் இன்னும் சில மிஞ்சியிருக்கின்றன. மதுக்கரையில் சிமெண்டுத் தொழிற்சாலை ஏற்பட்டது 1934-இல். அதற்கு முந்திய வீடு என்றால் அது பெரும்பாலும் சுண்ணாம்பும் செம்மண்ணும் சேர்த்துக் கட்டியது என்று கொள்ளலாம். இந்த ஒரு விஷயம் பின்னால் வரும் செலவு முழுவதையும் நிர்ணயிக்கிறது. அதைப் பிறகு சொல்வோம்.

முதலில் கூட்டல் கணக்கு. வீட்டின் விலை 60 லட்சம் ரூபாய் என்றும், சர்க்காரின் வழிகாட்டி மதிப்பு அதற்கு மேற்படவில்லை என்றும் வைத்துக்கொள்வோம். 2023 ஏப்ரலிலிருந்து நம் ராஜ்யத்தில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். ஆக 9 சதவிகிதம். அதாவது 5,40,000 ரூபாய். பாங்கிக் கடன் இருக்கிறதே என்பார்கள். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையுள்ள வீட்டுக் கடனில், வீட்டு மதிப்பில் 80 சதவிகிதத்துக்கு மேல் கொடுக்கலாகாது என்பது ரிசர்வ் பாங்கியின் விதி. முத்திரைச் செலவையும் பதிவுச் செலவையும் அந்த மதிப்பில் சேர்க்கவும் கூடாது. ஆகவே பாங்கி கொடுக்கக்கூடியது அதிகபட்சம் 48 லட்சம். மீதி 12 லட்சமும் பதிவுச் செலவு 5,40,000-மும் சேர்ந்து 17,40,000 ரூபாயை வாங்குவோர் தம் மடியிலிருந்து எடுக்க வேண்டும். தரகு, வக்கீல் கட்டணம், பாங்கியின் மதிப்பீட்டுச் செலவு எல்லாம் இதற்குப் புறம்பு. இதுவரையில் கொத்தனார் கரண்டியை எடுக்கவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

கையில் இருந்த ரொக்கமெல்லாம் பதிவு நாளன்றே தீர்ந்துவிடுகிறது. ரிப்பேருக்குப் பணம் எங்கிருந்து வரும்? நகைக் கடனிலிருந்து வரும். அல்லது கூடுதல் வட்டிக்கு வாங்கும் தனிக் கடனிலிருந்து வரும். 48 லட்சத்துக்கு எட்டரை சதவிகித வட்டியில் இருபது வருஷத் தவணை என்றால் மாதம் 41,650 ரூபாய்க்குச் சற்றுக் கூடுதலாகும். வேலை முடியும்வரை குடியிருக்கும் வீட்டுக்கு வாடகையும் கொடுத்தாக வேண்டும். மூன்று மாதத்தில் முடியும் என்று ஒப்புக்கொண்ட வேலை எட்டு மாதம் இழுப்பது பழைய வீட்டில் சர்வசாதாரணம். கொத்தனார் சோம்பேறி என்று இதற்குப் பொருளில்லை. ஒன்றைத் திறந்தால் இன்னொன்று தெரிகிறது. அதை மூடிவிட்டு மேலே போக முடிவதில்லை. ஐந்து மாதம் அதிகமாய் இழுத்தால், மாதம் 15,000 வாடகையென்றாலும் 75,000 ரூபாய் வெறும் காத்திருப்பிற்காகவே போய்விடுகிறது. இந்தத் தொகையை எந்த எஸ்டிமேட்டிலும் நாம் கண்டதில்லை.

பழைய வீட்டுக்குச் சாதகமாகவும் ஒன்று சொல்லிவிட வேண்டும். கட்டி முடியாத புதிய வீட்டை வாங்குவோர் செலுத்தும் ஜி.எஸ்.டி. பழைய வீட்டுக்குக் கிடையாது. ஆனால் அந்த லாபத்தைக் காட்டி மற்ற நஷ்டங்களை மறைப்பதுதான் தரகரின் சாமர்த்தியம்.

அடுத்தது தஸ்தாவேஜு. பழைய வீட்டில் கரையான் அரிப்பது மரத்தை மட்டுமன்று. வில்லங்கச் சான்று ஒன்று வாங்கிப் பார்த்துவிட்டு, "வில்லங்கம் இல்லை" என்று நிம்மதி அடைகிறவர்கள் பலர். அந்தச் சான்று பதிவான விவகாரங்களை மட்டுமே காட்டும். உயில் பதிவாக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அண்ணன் தம்பிகள் வாய்மொழியாய்ப் பாகம் பிரித்துக்கொண்டது அதில் இராது. தகப்பனார் காலமானவுடன் வாரிசுகளுக்கு ஏற்பட்ட பாத்தியதையும் இராது. சுத்தமான சான்றுக்குப் பின்னால் ஆறு பேர் பங்கு கேட்டு நிற்கலாம்.

அந்த ஆறு பேரில் பெரும்பாலோர் பெண்கள். இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் பழைய வீட்டு வியாஜ்யங்களில் பாதி இங்கேதான் பிறக்கின்றன என்பது நம் அபிப்பிராயம். 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுச் சட்டம், உயில் எழுதாமல் காலமான தகப்பனாரின் சுயார்ஜித சொத்தில் மகளுக்கு மகனோடு சம பங்கு கொடுத்தது. ஆயினும் குடும்பம் குடியிருக்கும் வீட்டைப் பொறுத்தமட்டில், ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள மனம் வைக்கும்வரை பெண் வாரிசு பாகம் கேட்க முடியாது என்று 23-ஆம் பிரிவில் ஒரு தடை போட்டிருந்தது. 2005-இல் செய்த திருத்தம் அந்தத் தடையை எடுத்துவிட்டது. பூர்வீகச் சொத்தில் மகளைப் பங்காளியாக்கும் சட்டத்தைத் தமிழகம் 1989 மார்ச் 25 முதலே கொண்டுவந்திருந்தாலும், அதற்குமுன் கல்யாணமாகிப் போன பெண்களுக்கு அது பயன்படவில்லை. 2005 செப்டம்பர் 9-ஆம் தேதி முதல் அமலுக்கு வந்த மத்திய சட்டம் அந்தப் பேதத்தை நீக்கிற்று. அத்தேதியில் தகப்பனார் உயிரோடிருக்க வேண்டிய அவசியமில்லை, மகளின் உரிமை பிறப்பால் வந்தது என்று சுப்ரீம் கோர்ட் 2020 ஆகஸ்ட் 11-இல் தீர்ப்பளித்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன்னதாக முறைப்படி நடந்து முடிந்த பாகப்பிரிவினைகளை இது கலைப்பதில்லை.

இதன் பலன் என்ன? 1980-இல் சீர் செய்து அனுப்பிவிட்டோம், கணக்குத் தீர்ந்தது என்று அண்ணன்மார் நினைத்த தங்கையின் கையெழுத்து இல்லாமல் இன்று அந்த வீட்டின் கிரயம் பூரணமாகாமல் போகலாம். தரகர்கள் இதை 'அக்கா தங்கச்சி தொல்லை' என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். அது தொல்லையன்று, அவர்களுடைய சொத்து. அவர்களுக்கு உரியதைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவதே நியாயமும் ஆகும், வாங்குவோருக்குப் பத்திரமும் ஆகும். "பிறகு பார்த்துக்கொள்ளலாம், இந்த மூன்று பேர் கையெழுத்துப் போதும்" என்று சொல்லும் இடத்தில் விலை மலிவாக இருப்பதற்குக் காரணம் அதுதான். பிரிக்கப்படாத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் ஒருவருடைய பங்கை மட்டும் அந்நியர் வாங்கினால், மற்றவர்களோடு சேர்ந்து அதை அனுபவிக்கும் உரிமை அவருக்கு இல்லை என்று 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம் 44-ஆம் பிரிவில் தெளிவாகச் சொல்கிறது. பணம் கொடுத்தவர் வாசலில் நின்று பாகப்பிரிவினை வழக்குப் போட வேண்டியதுதான்.

வீட்டில் குடியிருப்பவர் ஒருவர் இருப்பாரானால் அவரைப் பற்றியும் விசாரிப்பது அவசியம். 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. எனினும் பழைய சட்டத்தின்கீழ்த் தொடங்கிய வழக்கு எதுவும் அந்த வீட்டின்மேல் தொங்கவில்லையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். "நான் காலி செய்து தருகிறேன்" என்பது கிரயத்துக்குமுன் மட்டுமே செல்லுபடியாகும் வாக்கு. வீடு நிற்கும் நிலம் கோயிலுக்கோ, மானியத்துக்கோ சேர்ந்ததா என்பதும் அப்படியே. பேரூர்ப் பக்கமானாலும் நகரின் நடுவானாலும், மூன்று தலைமுறை குடியிருந்ததாலேயே மண் சொந்தமாகிவிடாது. பாக்கி நிற்கும் வீட்டு வரியும் தண்ணீர்க் கட்டணமும் வாங்குவோர் தலையில் வந்து விழக்கூடும். மின்சார பாக்கியைப் பற்றி, விதிமுறைகள் அனுமதித்தால் புதிய உடையவரிடமே வசூலிக்கலாம் என்று 2023-இல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. ரசீதுகளைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதற்கு அரைமணி நேரம் ஆகும்.

இனி வீட்டுக்குள் போவோம். புதிதாய் வெள்ளையடித்த பழைய வீட்டைக் கண்டால் நமக்கு முதலில் தோன்றுவது சந்தேகமே. அதிலும் தரையிலிருந்து இடுப்பளவு உயரத்துக்கு மட்டும் வர்ணம் புதிதாக இருந்தால் சந்தேகம் நிச்சயமாகிறது. அந்த உயரம் ஓதம் ஏறும் உயரம். மண்ணிலுள்ள ஈரம் சுவர் வழியே மேலேறி, கூடவே உப்பையும் கொண்டுவந்து பூச்சைப் பொரிய வைக்கிறது. பழைய வீடுகளின் அஸ்திவாரத்தில் ஈரத்தைத் தடுக்கும் பட்டை கிடையாது. அக்காலத்துக் கொத்தனார் அதை அறியாதவர் அல்லர்; அவர் வேறு உபாயம் வைத்திருந்தார். சுண்ணாம்புப் பூச்சு சுவாசிக்கும். உள்ளே ஏறிய ஈரம் அதன் வழியாக வெளியே போய்விடும். வருஷத்துக்கு ஒருமுறை வெள்ளையடிப்பது அழகுக்காக மட்டும் ஏற்பட்ட வழக்கமன்று.

இந்த உபாயம் தெரியாமல் நாம் செய்யும் ரிப்பேர்தான் பழைய வீட்டின் பெரிய சத்துரு. ஓதம் கண்ட சுவரைக் கொத்திவிட்டு, "ஸ்ட்ராங்காக இருக்கட்டும்" என்று சிமெண்டுப் பூசுகிறார்கள். அதன்மேல் பிளாஸ்டிக் வர்ணம் அடிக்கிறார்கள். அல்லது நாலடி உயரத்துக்குச் சலவைக்கல் பதிக்கிறார்கள். ஈரம் வெளியேற வழி அடைபட்டுவிடுகிறது. இடுப்பளவில் நின்ற ஓதம் தோளுயரத்துக்கு ஏறுகிறது. உள்ளேயுள்ள செம்மண் சாந்து நைந்து, சுவர் தன் பலத்தை உள்ளுக்குள்ளேயே இழக்கிறது. வெளிப்பூச்சு மட்டும் கம்பீரமாக நிற்கிறது. இரண்டு மூன்று வருஷம் கழித்து அந்தச் சிமெண்டு பாளம் பாளமாய்ப் பெயரும்போது பழைய செங்கல்லையும் சேர்த்துக் கொண்டுவருகிறது. செலவு ஒருமுறைக்கு இருமுறை ஆகிறது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்று குறைந்துபோனார்கள். கிடைத்தால் கூலி அதிகம். சாந்து புளிக்க வைக்கக் காலமும் அதிகம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய அந்தச் சாந்துக்கு அவசரம் ஆகாது. ஆனால் சுண்ணாம்பு வீட்டை வாங்குகிறவர் அந்தக் கூலியையும் காலத்தையும் விலையோடு கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

நமக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர், ஓய்வு பெற்றவர், உட்சந்து ஒன்றில் இத்தகைய வீட்டை வாங்கினார். வாங்கியபோது முற்றம் இல்லை. முன்னிருந்தவர் அதற்கு மேலே கூரையிட்டுக் கீழே தளக்கல் பதித்துக் கூடமாக்கியிருந்தார். "இடம் விசாலமாயிற்று" என்று ஆசிரியரும் மகிழ்ந்தார். முதல் ஐப்பசியில் பொதுச் சுவரில் ஓதம் கண்டது. சிமெண்டுப் பூசினார். அடுத்த ஐப்பசியில் அது இன்னும் மேலே ஏறிற்று. ஈரம் தடுக்கும் ரசாயனம் என்று ஒரு கம்பெனியார் வந்து சுவரில் துளையிட்டு மருந்து ஏற்றினார்கள். மூன்றாம் வருஷம் ஈரம் அடுத்த வீட்டுப் பூஜை அறையில் போய் இறங்கிற்று. அவ்வீட்டாரிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. அதற்குள் அந்தச் சுவர் ஒன்றுக்கு மட்டும் அவர் செலவழித்தது மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. மிச்சக் கதையைப் பிறகு சொல்கிறோம்.

சுவருக்கு அடுத்தபடி மரம். நாட்டு ஓட்டுக்கும் சரி, மங்களூர் ஓட்டுக்கும் சரி, பாரத்தைச் சுமப்பது கைமரமும் உத்திரமுமே. மச்சு வீடானால் தேக்கு உத்திரங்களின்மேல் செங்கல்லைக் குத்தவைத்துச் சுண்ணாம்பில் கட்டியிருப்பார்கள். உத்திரத்தின் நடுவைத் தட்டிப் பார்த்து "வைரம் பாய்ந்த மரம்" என்று சொல்லிவிட்டுப் போவதில் பயனில்லை. மரம் கெடுவது சுவருக்குள் புதைந்திருக்கும் முனையில். அங்கேதான் ஈரம் படுகிறது, காற்றுப் படுவதில்லை, கரையானும் அவ்வழியாகவே வருகிறது. தச்சர் ஒருவரை அழைத்துப்போய் ஒவ்வொரு முனையையும் திருப்புளியால் குத்திப் பார்க்கச் சொல்ல வேண்டும். உடையவர் முகம் சுளித்தால் அதுவே ஒரு விடை. ஓடு மாற்றுவதற்கென்று போட்ட எஸ்டிமேட், உத்திரம் மாற்றுவதாக முடிந்தால் எத்தனை மடங்காகும் என்று நாம் சொல்லத் தேவையில்லை.

பின்கட்டில், நம் பக்கத்தார் பொடக்காணி என்று சொல்லும் இடத்தில், ஆஸ்பெஸ்டாஸ் தகடு வேய்ந்திருந்தால் அதை உடைத்துப் பெயர்ப்பதில் எச்சரிக்கை வேண்டும். அதன் தூள் நுரையீரலுக்குப் புற்றுநோயை விளைக்கக் கூடியது. பல தேசங்கள் அதைத் தடுத்தேவிட்டன. கோவைக்குச் சிறுவாணித் தண்ணீர் குழாயில் வந்தது 1930-ஐ ஒட்டிய காலத்தில். அதற்கு முந்திய வீடுகளில் குழாயும் சாக்கடையும் பின்னால் ஒட்டவைத்தவை. எந்தச் சுவருக்குள் எந்தக் குழாய் போகிறது என்பது யாருக்கும் தெரியாது. மரப்பட்டையின்மேல் ஓடும் பழைய மின்கம்பிகளின் ரப்பர் உறை தொட்டால் உதிர்கிறது. இவற்றை ரிப்பேர் என்று சொல்வதே தவறு. முழுவதும் புதிதாகப் போட வேண்டியவை. வாங்குமுன்னரே அப்படிக் கணக்கில் எழுதிக்கொள்வது நல்லது.

வெடிப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. பூச்சில் தலைமயிர்போல் ஓடும் வெடிப்புக்குப் பயப்பட வேண்டாம். ஜன்னலின் மூலையிலிருந்து சாய்வாகப் புறப்பட்டுக் கூரையை நோக்கிப் போகும் வெடிப்பு வேறு ஜாதி. கிழக்கே சூலூர், பல்லடம் பக்கங்களில் பருத்திக்குப் பேர்போன கரிசல் மண், வீட்டுக்குப் பொல்லாதது. மழையில் உப்பி, கோடையில் சுருங்கி, வருஷம்தோறும் அஸ்திவாரத்தை அசைத்துக்கொண்டே இருக்கும். அந்த வெடிப்பை அடைப்பது சுலபம். மறு கோடையில் அது திரும்பி வருவதைத் தடுப்பதற்குத்தான் செலவு. இஞ்சினீயர் ஒருவரைக் கூப்பிட்டு ஒரு நாள் கட்டணம் கொடுத்துப் பார்க்கச் சொல்ல நம்மவர் தயங்குகிறார்கள். இரண்டு பவுன் நகை வாங்க நாலு கடை ஏறி இறங்குகிற குடும்பம், அறுபது லட்சம் ரூபாய் வீட்டை இரண்டு தடவை, அதுவும் நல்ல வெயிலில், பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறது. கோவைக்குப் பெருமழை ஐப்பசி கார்த்திகையில். வீட்டை அப்போது பார்க்க வேண்டும். மழை பெய்து கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும்.

மழையில் ஊறிய சுவர் என்ன செய்யும் என்பதற்கு நம் ஜில்லாவிலேயே பயங்கரமான அத்தாட்சி இருக்கிறது. 2019 டிசம்பர் 2-ஆம் தேதி விடியற்காலையில், மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில் உயரமான சுற்றுச்சுவர் ஒன்று மழையில் சரிந்து பக்கத்து வீடுகளின்மேல் விழுந்து 17 பேர் மாண்டார்கள். அது பழைய வீட்டின் சுவரன்று. ஆயினும் சுவரின் விலையைச் சில வேளை சுவருக்கு அப்பால் இருப்பவர்கள் கொடுக்க நேரும் என்பதை அந்தக் காலை காட்டிற்று. சுவரை வாங்குகிறவர் அந்தப் பொறுப்பையும் சேர்த்தே வாங்குகிறார்.

பொதுச் சுவர் விஷயமும் இதில் அடங்கியதே. "எல்லாவற்றையும் இடித்துவிட்டுப் புதிதாய்க் கட்டிவிடுகிறேன்" என்று தைரியமாகச் சொல்கிறவர்கள், இடிக்கப்போகும் சுவரில் அடுத்த வீட்டாரின் உத்திரம் ஊன்றியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருபது வருஷம் தடையின்றி அனுபவித்த தாங்கலையும், வெளிச்சத்தையும், காற்றையும் 1882-ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டம் பாதுகாக்கிறது. இடித்தபின் அதே அளவில் மறுபடி எழுப்பலாம் என்றும் நினைத்துவிடக் கூடாது. 2019-இல் வந்த கட்டட விதிகள் வீதியின் அகலத்தையும் இடத்தின் தன்மையையும் பார்த்து, இவ்வளவு ஒதுங்கிக் கட்ட வேண்டும் என்கின்றன. வீதி விளிம்புவரை நிற்கும் திண்ணை, இடித்த மறுநாள் திரும்பி வராமலே போகலாம். மூன்று சென்ட் இடத்தில் இரண்டடி போனால் என்ன மிச்சம்?

இத்தகைய செலவை ஒளிக்காமல் முன்னரே சொல்லி வீடு விற்கும் ஊரும் உலகத்தில் உண்டு. இத்தாலியைச் சேர்ந்த சிசிலித் தீவிலுள்ள சாம்புகா என்னும் சிற்றூர், ஜனங்கள் வெளியேறிப் பாழாய்க் கிடந்த வீடுகளை 2019-இல் ஒரு யூரோவில் தொடங்கி ஏலம் கூறிற்று. உலகமெங்கும் அது செய்தியாயிற்று. செய்தியின் அடியில் இருந்த நிபந்தனை இதுதான்: வாங்குவோர் 5,000 யூரோ ஈடு கட்ட வேண்டும், மூன்று வருஷத்துக்குள் குறைந்தது 15,000 யூரோ செலவழித்து வீட்டைச் சீர்படுத்த வேண்டும், தவறினால் ஈடு போய்விடும். ஒரு யூரோ என்பது விளம்பரம், பதினையாயிரம் என்பது விலையின் ஆரம்பம் என்று அந்தச் சிற்றூர் முனிசிபாலிடி பட்டவர்த்தனமாகச் சொல்லிவிட்டது. நம் ஊரில் இந்தக் கடமையை யார் செய்வது?

சட்டம் ஓரளவு செய்கிறது. விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறையை விற்பவர் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் மறைத்தால் அது மோசடி என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் 'சாதாரண கவனம்' என்ற வார்த்தையை வாசகர்கள் மறக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரிந்த வெடிப்பையும், கேட்டிருந்தால் தெரிந்திருக்கக்கூடிய தங்கையின் பாத்தியதையையும் காட்டிக் கோர்ட்டுக்குப் போனால், "நீர் ஏன் பார்க்கவில்லை?" என்ற கேள்வியே முதலில் வரும். ஆகவே எழுத்தில் கேட்க வேண்டும். நம் ராஜ்யத்தில் 2012 டிசம்பரிலிருந்து கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். அந்த ஒப்பந்தத்திலேயே, வாரிசுகள் இன்னின்னார் என்றும், கூரையும் சுவரும் சோதிக்கப்பட இத்தனை நாள் தவணை என்றும், சோதனையில் இன்ன குறை கண்டால் விலை குறையும் அல்லது அட்வான்ஸ் திரும்பும் என்றும் எழுதிக்கொள்ளலாம். விற்பவர் கோபித்துக்கொள்வார் என்று பயப்படுகிறவர்களுக்கு நாம் சொல்வது, அட்வான்ஸ் கொடுத்த பிறகு அவருக்குக் கோபமே வராது, வாங்கியவருக்குத்தான் வரும் என்பதே.

ஆசிரியர் கதை பாக்கி நிற்கிறது. வக்கீல் நோட்டீசுக்குப் பதில் எழுதுமுன், எழுபது வயதைத் தாண்டிய கொத்தனார் ஒருவரை யாரோ அழைத்துவந்தார்கள். அவர் ஓதம் கண்ட சுவரைத் தொடவே இல்லை. கூடத்தின் நடுவில் நின்று மேலே பார்த்தார், கீழே பார்த்தார். "இந்த ஊட்டுத் தண்ணி முன்னால எங்கெ போச்சுங்க?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. தளக்கல்லைப் பெயர்க்கச் சொன்னார். ஒன்றரை அடி ஆழத்தில் கருங்கல்லால் கட்டிய பழைய ஜலதாரை, வாசற்படிக்கு அடியில் வீதி வரையில் ஓடிற்று. முற்றத்தை மூடியவர்கள் அதன் வாயில் உடைந்த ஓட்டையும் சிமெண்டு மூட்டைச் சாக்கையும் திணித்து அடைத்திருந்தார்கள். கூரைத் தண்ணீர் போக வழியின்றி மூன்று மழைக்காலமும் அந்தச் சுவருக்கு அடியிலேயே நின்றிருக்கிறது. இரண்டு ஆட்கள் இரண்டு நாள் வேலை செய்து அடைப்பை எடுத்தார்கள். ஆசிரியர் முற்றத்தை மறுபடி திறந்துவிட்டார். சுவரில் ஏற்றிய சிமெண்டைக் கொத்தி எடுக்கும் வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.